பிரிட்டனின் அன்றாட வாழ்க்கை வழியே ஆங்கிலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படிப்புக்கோ வேலைக்கோ குடும்பத்தோடு சேரவோ பிரிட்டனுக்கு வந்த தமிழர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் ஊரில் பள்ளி முழுக்க ஆங்கிலம் படித்தவர்கள்தான். இலக்கணம் தெரியும், வாசிக்கத் தெரியும். ஆனாலும் டாக்டரைப் பார்க்க நேரம் கேட்டு ஃபோன் செய்யும்போது திணறுகிறார்கள், கவுன்சில் எனப்படும் உள்ளூராட்சியிலிருந்து வந்த கடிதத்தைப் பிரித்துவிட்டுப் பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நான் இந்த நாட்டின் நிறுவனங்களையும் பழக்கவழக்கங்களையும் பாடமாக வைத்து ஆங்கிலம் நடத்துகிறேன். அதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் என் பதில்களும் கீழே.

இலக்கணப் புத்தகம் இருக்கும்போது நாடாளுமன்றமும் நீதிமன்றமும் எதற்கு?

ஒரு நாட்டின் பேச்சில் பாதி அந்த நாட்டின் ஏற்பாடுகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'கோட்டையில் முடிவெடுத்துவிட்டார்கள்' என்று தமிழ்ப் பத்திரிகை எழுதினால் நாம் செஞ்சிக் கோட்டையை நினைப்பதில்லை, சென்னைத் தலைமைச் செயலகத்தைத்தான் நினைக்கிறோம். அதேபோல் இங்கே 'நம்பர் டென்' என்றால் பிரதமர் அலுவலகம். 'ஒயிட்ஹால்' என்றால் அரசு அதிகாரிகள் உலகம். 'தி சிட்டி' என்றால் லண்டன் மாநகரம் முழுவதும் அல்ல, வங்கிகளும் நிதி நிறுவனங்களும் உள்ள அந்தச் சதுர மைல். அகராதியைப் பார்த்து இவற்றைப் பிடிக்க முடியாது. அந்த இடத்தில் யார் உட்கார்ந்து என்ன செய்கிறார்கள் என்று தெரிந்தால் சொல் தானாகப் புரியும், மறக்கவும் மறக்காது.

இன்னொரு காரணமும் உண்டு. பாடப்புத்தக உரையாடலில் நாம் யாராகவும் இல்லை. டாக்டரிடமோ பள்ளியிலோ வீட்டு உரிமையாளரிடமோ பேசும்போது நமக்கு உண்மையிலேயே ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. அப்படிக் கற்றது மனதில் நிற்கிறது.

எங்கிருந்து தொடங்குவது?

டாக்டரிடமிருந்து. என்.எச்.எஸ். எனப்படும் தேசிய சுகாதாரச் சேவை 1948 ஜூலை 5 அன்று தொடங்கியது. அதைக் கொண்டுவந்த சுகாதார அமைச்சர் அன்யூரின் பெவன், வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்க ஊர்க்காரர். இங்கே எல்லோருடைய வாழ்க்கையிலும் நுழைகிற நிறுவனம் அதுதான். உங்கள் பகுதியிலுள்ள ஜி.பி., அதாவது குடும்ப மருத்துவரிடம் முதலில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பெரிய மருத்துவமனை நிபுணரைப் பார்ப்பதும் பெரும்பாலும் அவர் வழியாகத்தான். ஜி.பி. இருக்கும் இடத்தை 'சர்ஜரி' என்பார்கள். அங்கே கத்தி வைக்க மாட்டார்கள், பயப்பட வேண்டாம். தொகுதி மக்களை எம்.பி. நேரில் சந்தித்துக் குறை கேட்பதற்கும் 'சர்ஜரி' என்றே பெயர். உயிருக்கு ஆபத்து என்றால் 999, அவசரம்தான் ஆனால் அந்த அளவுக்கு இல்லை என்றால் 111.

இந்தப் பாடத்தில் நான் அதிக நேரம் செலவழிப்பது வலியைச் சொல்வதில். தமிழில் நமக்கு வலியின் வகைகள் நன்றாகத் தெரியும்: குத்துகிறது, எரிகிறது, கடுக்கிறது, விண் விண் என்று தெறிக்கிறது, சுருக்கென்று வந்து போகிறது. இதே ஆட்கள் ஆங்கிலத்தில் 'பெயின், டாக்டர், டூ மச் பெயின்' என்று நிறுத்திக்கொள்கிறார்கள். குத்துவதற்கு 'ஸ்டாபிங்', எரிவதற்கு 'பர்னிங்', விண் விண்ணென்று தெறிப்பதற்கு 'த்ராபிங்', மந்தமாக விடாமல் வலிப்பதற்கு 'டல் ஏக்'. இந்த நான்கையும் எப்போது தொடங்கியது, எங்கே பரவுகிறது, எது செய்தால் கூடுகிறது என்று சொல்லும் வாக்கியங்களோடு பழகிவிட்டால் டாக்டர் கேட்கும் கேள்விகளில் பெரும்பகுதிக்குப் பதில் தயார். பத்து நிமிடம்தான் கிடைக்கும் என்பதால் வீட்டிலேயே சொல்லிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். உடல்நலம் பயிற்சிக்களம் அல்ல. முக்கியமான விஷயம் என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். என்.எச்.எஸ். இலவசமாக ஏற்பாடு செய்து தரும். எட்டாம் வகுப்புப் பிள்ளையை அழைத்துப்போய் அம்மாவின் நோயை அதன் வாயால் சொல்ல வைக்காதீர்கள்.

அறுவை சிகிச்சை நிபுணரை 'டாக்டர்' என்று கூப்பிட்டேன், 'மிஸ்டர்' என்று சொல்லச் சொன்னார்கள். அவர் டாக்டர் இல்லையா?

டாக்டர்தான். பழைய காலத்தில் இங்கே மருத்துவர்கள் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள், அறுவை செய்தவர்கள் தொழில் பழகி வந்தவர்கள். 1540 முதல் 1745 வரை லண்டனில் முடிதிருத்துவோரும் அறுவை மருத்துவர்களும் ஒரே சங்கத்தில் இருந்தார்கள். அந்த 'மிஸ்டர்' இன்று பெருமைக்குரிய பட்டமாகிவிட்டது. பெண்களில் பலர் 'மிஸ்' என்று போட்டுக்கொள்வார்கள்.

அரசாங்க ஆங்கிலம் கடினமாக இருக்குமே?

ஒரு காலத்தில் இருந்தது. அதை எதிர்த்து 1979-இல் எளிய ஆங்கிலத்துக்கான இயக்கமே தொடங்கினார்கள். இன்று அரசின் கவ்-டாட்-யூகே தளத்துக்கு எழுதுகிறவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வழிகாட்டுதல், ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி எழுத வேண்டும் என்பது. சின்னச் சின்ன வாக்கியம், நேரடியான வினைச்சொல், 'நீங்கள் இதைச் செய்ய வேண்டும், இது வேண்டியதில்லை' என்ற நடை. கற்பவர்களுக்கு இதைவிட நல்ல இலவச வாசகப் புத்தகம் நான் பார்த்ததில்லை.

இப்படிச் செய்யுங்கள். ஓட்டுநர் உரிமம், குப்பை எடுக்கும் நாள், கவுன்சில் வரி, வீட்டு முன்பணம் என்று உங்களுக்குத் தேவையான ஒரு பக்கத்தை எடுங்கள். 'மஸ்ட்', 'ஷுட்', 'மே', 'கேன்' வரும் இடங்களை மட்டும் கோடிடுங்கள். முதலாவது கட்டாயம், இரண்டாவது செய்வது நல்லது, மூன்றாவது நடக்கலாம் அல்லது அனுமதி உண்டு, நான்காவது முடியும். இந்த வித்தியாசம் தெரியாமல் அபராதம் கட்டியவர்கள் உண்டு. அப்புறம் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, அதையே ஒரு நண்பருக்கு ஆங்கிலத்தில் சொல்வதுபோல் உரக்கச் சொல்லுங்கள்.

இங்கிலாந்து, பிரிட்டன், யூகே எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. இங்கிலாந்து ஒரு நாடு. அதோடு ஸ்காட்லாந்தும் வேல்ஸும் சேர்ந்தது கிரேட் பிரிட்டன். வட அயர்லாந்தையும் சேர்த்தால் யூகே. ஸ்காட்லாந்துக்காரரை 'இங்கிலீஷ்காரர்' என்று சொல்லிவிடாதீர்கள், மனம் நோகும். சட்டமும் இடத்துக்கு இடம் மாறும்: மருந்துச் சீட்டுக்கு இங்கிலாந்தில் கட்டணம் உண்டு, மற்ற மூன்றிலும் இல்லை.

நாடாளுமன்ற விவாதம் கேட்டால் ஆங்கிலம் வருமா? ஒரே கூச்சலாக இருக்கிறதே?

வரும். நம்மவர்களுக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. சபாநாயகர், கொறடா, எதிர்க்கட்சித் தலைவர், வெளிநடப்பு எல்லாம் தமிழ்ச் செய்தித்தாள் படித்த யாருக்கும் பழக்கம். நம் சட்டசபைகளின் முறை பலவும் வெஸ்ட்மின்ஸ்டரிலிருந்து, அதாவது பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலிருந்து, வந்ததுதான். கொறடாவை இங்கே 'விப்' என்கிறார்கள். நரி வேட்டையில் நாய்களைச் சிதறாமல் கூட்டமாக வைத்திருக்கும் ஆளிடமிருந்து வந்த சொல் அது.

மக்களவையில் 650 உறுப்பினர்கள். ஒருவர் இன்னொருவரைப் பார்த்து 'யூ' என்று சொல்லக் கூடாது. பேச்சு முழுவதும் சபாநாயகரை நோக்கித்தான். அதனால் எதிரில் இருப்பவரைக் கடுமையாகத் தாக்கும்போதுகூட 'மதிப்புக்குரிய உறுப்பினர்' என்று படர்க்கையில்தான் பேச வேண்டும். பொய் சொல்கிறார் என்று சொல்ல அனுமதி இல்லை. ஆகவே 'சபையை அறியாமல் தவறாக வழிநடத்திவிட்டார்' என்பதுபோல் சுற்றி வளைப்பார்கள். கோபத்தைக் கட்டுப்பாட்டுக்குள் வைத்துக்கொண்டு கடுமையாகப் பேசுவது எப்படி என்று இங்கே கற்கலாம். அலுவலகக் கூட்டத்தில் மறுத்துப் பேச வேண்டியவர்களுக்கு இது நேரடியாகவே உதவும்.

பிரதமரிடம் கேள்வி கேட்கும் நேரம், அவை கூடும் வாரங்களில் புதன்கிழமை மதியம் 12 மணி. நாடாளுமன்றத் தளத்தில் நேரலையாகவே பார்க்கலாம். சில மணி நேரத்தில் 'ஹேன்சார்ட்' என்ற அதிகாரபூர்வப் பதிவு வெளியாகும். என் மாணவர்களுக்கு நான் கொடுக்கும் பயிற்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: ஐந்து நிமிடக் காணொளியைக் கேட்டு, காதில் விழுந்ததை எழுதிக்கொண்டு, பிறகு ஹேன்சார்டோடு ஒப்பிடுவது. பேச்சில் வந்த திரும்பச் சொல்லல்களும் சின்னச் சறுக்கல்களும் பதிவில் சரிசெய்யப்பட்டிருக்கும். பேச்சு ஆங்கிலம் எழுத்து ஆங்கிலமாக மாறுவதை வரிவரியாகப் பார்க்கலாம்.

கூச்சலைப் பற்றிச் சொன்னீர்கள். கூச்சலே இல்லாத ஒரு பேச்சைத் தேடிப் பாருங்கள். 1990 நவம்பர் 13 அன்று சர் ஜெஃப்ரி ஹவ் ஆற்றிய பதவி விலகல் உரை. அவர் மார்கரெட் தாட்சரின் துணைப் பிரதமராக இருந்தவர், பேச்சில் சூடே இல்லாதவர் என்று பெயர் வாங்கியவர். அவர் தன்னைத் தாக்குவது செத்த ஆடு கடித்துக் குதறுவதுபோல் இருக்கிறது என்று எதிர்முகாமின் டெனிஸ் ஹீலி 1978-இல் சொன்னது இன்றும் மேற்கோளாக ஓடுகிறது. அந்த ஹவ், அன்று குரலை உயர்த்தாமலே ஓர் உவமை சொன்னார். ஐரோப்பியப் பேச்சுவார்த்தைக்கு நிதியமைச்சரையும் மத்திய வங்கி ஆளுநரையும் அனுப்புவது, தொடக்க ஆட்டக்காரர்களை மைதானத்துக்கு அனுப்பிவிட்டு, முதல் பந்து வந்த பிறகுதான் அவர்களுடைய மட்டைகளை அணித் தலைவரே ஆட்டத்துக்கு முன் உடைத்து வைத்திருப்பது தெரியவருவதைப் போன்றது என்றார். ஒன்பது நாள் கழித்து தாட்சர் விலகுவதாக அறிவித்தார். அந்த ஒரு வாக்கியம் புரிய அமைச்சரவை தெரிய வேண்டும், மக்களவை தெரிய வேண்டும், கிரிக்கெட் தெரிய வேண்டும். மூன்றாவதில் நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. மக்களவைக்குள் தொலைக்காட்சிக் கேமரா வந்தது 1989-இல் என்பதால் அந்தப் பேச்சைப் பார்க்கவே முடிகிறது. நான் வகுப்பில் வருடா வருடம் போட்டுக் காட்டுகிறேன், ஒவ்வொரு முறையும் அறை அமைதியாகிவிடுகிறது.

நேரில் போய்க் கேட்க முடியுமா?

விவாதங்களைப் பார்க்க அனுமதி இலவசம். கேள்வி நேரத்துக்கு மட்டும் கூட்டம் அதிகம் என்பதால் உங்கள் தொகுதி எம்.பி.யிடம் சீட்டு கேட்டு வைப்பது நல்லது.

ஆனால் மொழிக்காக என்றால் நான் நீதிமன்றத்தைத்தான் முதலில் சொல்வேன். பெரும்பாலான ஊர்களுக்கு எட்டும் தூரத்தில் ஒரு மேஜிஸ்ட்ரேட் கோர்ட் இருக்கிறது. இளையோர் வழக்கு போன்ற சிலவற்றைத் தவிர யார் வேண்டுமானாலும் பொதுமக்கள் இருக்கையில் உட்கார்ந்து கேட்கலாம். அங்கே தீர்ப்புச் சொல்லும் மேஜிஸ்ட்ரேட்டுகளில் பெரும்பாலோர் சட்டம் படித்தவர்கள் அல்ல, சம்பளமும் கிடையாது. ஊர்க்காரர்கள். சட்ட ஆலோசகர் ஒருவர் உடன் இருப்பார். எதிரில் நிற்பவருக்குப் புரிய வேண்டும் என்பதால் நிதானமாக, தெளிவாகப் பேசுவார்கள். 'உங்களுக்கு இது புரிகிறதா?' என்று கேட்டு, புரியவில்லை என்றால் வேறு சொற்களில் திரும்பச் சொல்வார்கள். கேட்டுப் பழக இதைவிட என்ன வேண்டும்? படம் எடுக்கக் கூடாது, அது குற்றம். லண்டனின் ஓல்ட் பெய்லி குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போவதென்றால் கைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள், உள்ளே விட மாட்டார்கள், வாங்கி வைத்துக்கொள்ளவும் மாட்டார்கள்.

அங்கே அழுகிறவர்களையும் பார்ப்பீர்கள். அது யாரோ ஒருவருடைய வாழ்க்கை என்பது நினைவில் இருக்கட்டும்.

மேலாளர் 'குவைட் குட்' என்றார். பாராட்டா?

அவசரப்பட்டு இனிப்பு வாங்க வேண்டாம். அமெரிக்கர் சொன்னால் நல்ல பாராட்டு. பிரிட்டிஷ்காரர் சொன்னால் பெரும்பாலும் 'பரவாயில்லை, இன்னும் நன்றாக வந்திருக்கலாம்' என்ற அளவில்தான். 'நாட் பேட்' என்பதோ குரலைப் பொறுத்து உயர்ந்த பாராட்டாகவும் இருக்கும். 'இதை இன்னொரு தடவை பார்த்தால் நன்றாக இருக்குமோ' என்று மேலாளர் சொன்னால் திருத்திக் கொண்டு வா என்று பொருள். 'வித் ரெஸ்பெக்ட்' என்று தொடங்கினால் மறுப்பு வருகிறது. 'ஆர் யூ ஆல்ரைட்?' என்று கேட்டுக்கொண்டே நடந்து போகிறவருக்கு உங்கள் முழங்கால் வலியைச் சொல்ல வேண்டாம், அது வணக்கம் மாதிரி.

நேருக்கு நேர் இல்லை என்று சொல்வதைச் சங்கடமாக நினைக்கும் சமூகம் இது. நாமும் அப்படித்தான். 'பார்க்கலாம்' என்று சொல்லி எத்தனை காரியத்தை நாசூக்காகத் தவிர்க்கிறோம்! ஆகவே இதைக் கபடம் என்று நினைக்காதீர்கள். மருத்துவமனையில் வேலை செய்யும் செவிலியர்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள்: நோயாளியின் பாதுகாப்பு என்று வரும்போது இந்த மென்மை வேண்டாம். 'எனக்குக் கவலையாக இருக்கிறது, இப்போதே வந்து பாருங்கள்' என்று நேராகச் சொல்லுங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

எல்லோரையும் 'சார்', 'மேடம்' என்று கூப்பிடலாமா?

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஆசிரியரை 'சர்', 'மிஸ்' என்பார்கள். மற்ற இடங்களில் பெயர் சொல்லித்தான். பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட நாக்கு கூசும், எனக்கும் கூசியது. ஆனால் அவரே அப்படிச் சொல்லச் சொன்ன பிறகும் 'சார்' என்றால் அவர் சங்கடப்படுவார். மின்னஞ்சலில் 'ரெஸ்பெக்டட் சார்' வேண்டாம். 'டியர்' போட்டுப் பெயர் எழுதினால் போதும்.

பிள்ளையின் பள்ளியோடு பேசுவதற்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?

முதலில் பெயர்க் குழப்பம். இங்கிலாந்தில் 'பப்ளிக் ஸ்கூல்' என்றால் அரசுப் பள்ளி அல்ல. 1440-இல் ஆறாம் ஹென்றி மன்னர் நிறுவிய ஈட்டன் போன்ற, பெரும் கட்டணம் வாங்கும் பழைய தனியார் பள்ளிகளுக்கு அந்தப் பெயர். அரசு நடத்துவது 'ஸ்டேட் ஸ்கூல்'. அடுத்து, 'டின்னர் லேடி' மதியம் சோறு போடுபவர். வட இங்கிலாந்தில் பலருக்கு மதியச் சாப்பாடு 'டின்னர்', இரவுச் சாப்பாடு 'டீ'. பக்கத்து வீட்டார் ஐந்து மணிக்கு டீக்குக் கூப்பிட்டால் பசியோடு போங்கள்.

கேட்டுப் புரிந்துகொள்ள எது நல்ல தொடக்கம்? செய்தி வேகமாகப் போகிறது.

பி.பி.சி. ரேடியோ 4-இல் வரும் கப்பல்களுக்கான வானிலை அறிக்கை. சிரிக்காதீர்கள். பிரிட்டனைச் சுற்றியுள்ள 31 கடற்பகுதிகளை வைக்கிங், டாகர், ஃபிஷர், ஜெர்மன் பைட் என்று மாறாத வரிசையில் படிப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் காற்று, வானிலை, எவ்வளவு தூரம் தெரியும் என்பது. கடலில் இருப்பவர் எழுதிக்கொள்ள வேண்டும் என்பதால் நிதானமாக, ஒரே சீராகப் படிப்பார்கள். சொற்கள் கொஞ்சம்தான், திரும்பத் திரும்ப வரும். ஒரு வாரம் கேட்டால் காது பிடித்துவிடும். கப்பலுக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லாத எத்தனையோ பேர் இதைத் தாலாட்டுப்போல் கேட்டுத் தூங்குகிறார்கள். அதைப் பற்றி அலுவலகத்தில் பேச்செடுத்துப் பாருங்கள், உரையாடல் தானாக வளரும்.

பிறகு உள்ளூர் வானொலி. லிவர்பூல், நியூகாசில், கிளாஸ்கோ பேச்சுகளைக் கேட்காமல் செய்தி வாசிப்பவரின் உச்சரிப்பை மட்டும் பழகினால் பேருந்தில் ஒன்றும் புரியாது. ஊர்ப்பெயர்களையும் காதால் கற்றுக்கொள்ளுங்கள். எழுத்தைப் பார்த்தால் 'கிரீன்விச்', சொல்வது 'கிரெனிச்'. நாம் தேம்ஸ் என்று எழுதும் ஆறு இங்கே 'டெம்ஸ்'.

'லைஃப் இன் தி யூகே' தேர்வுக்குப் படித்தால் ஆங்கிலமும் வந்துவிடுமா?

நிரந்தரக் குடியிருப்புக்கும் குடியுரிமைக்கும் கேட்கும் தேர்வு அது. 24 கேள்விகள், 45 நிமிடம், 18 சரியாக இருக்க வேண்டும். கட்டணம் 50 பவுண்டு. 18 வயதுக்குக் குறைந்தவர்களும் 65-ஐத் தொட்டவர்களும் எழுத வேண்டாம். ஆங்கிலத் திறனைக் காட்டுவது தனி நிபந்தனை.

விடைகளை மனப்பாடம் செய்து தேறிவிட்டு, மறுநாளே மறந்தவர்கள் நிறைய. எனக்கு அது வருத்தம்தான். அதே கையேட்டை ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் உரக்கப் படித்து, படித்த ஒன்றைப் போய்ப் பார்த்தால், நூலகமோ கவுன்சில் கூட்டமோ போரில் இறந்தவர்களின் நினைவுத்தூணோ, அந்த 50 பவுண்டுக்கு மொழியும் சேர்ந்து கிடைக்கும்.

நான் தமிழ்நாட்டில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். இது எனக்குப் பயன்படுமா?

உங்கள் பாடத்திட்டத்தில் 'சோஷியல் ஹிஸ்டரி ஆஃப் இங்கிலாந்து' என்ற தாள் இருக்கும். பெரும்பாலும் நோட்ஸ் வாங்கி ஒப்பித்துத் தேர்வு எழுதிவிட்டு விட்டுவிடுகிறோம். டியூடர் காலம், பியூரிட்டன்கள், தொழிற்புரட்சி என்று வரிசையாக வரும் அந்தத் தாளை இன்றைய பிரிட்டனோடு இணைத்துப் படியுங்கள். தொழிற்சங்கம் பற்றிய பாடமா? இன்றைய ரயில் வேலைநிறுத்தச் செய்தி ஒன்றை இரண்டு நாளிதழ்களில் படித்து, ஒரே சம்பவத்தை எந்தெந்தச் சொற்களில் சொல்கிறார்கள் என்று பாருங்கள். ஹேன்சார்டும் நாடாளுமன்றக் காணொளியும் மதுரையில் உட்கார்ந்தாலும் இலவசம்தான்.

நான் இன்னும் இந்தியக் குடிமகள்தான். இங்கே வாக்களிக்க முடியுமா, அல்லது வேடிக்கைதான் பார்க்க வேண்டுமா?

முடியும். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள். உரிய விசாவோடு இங்கே வசிக்கும் 18 வயதான காமன்வெல்த் குடிமக்கள் வாக்காளர் பட்டியலில் சேர்ந்து நாடாளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். பலருக்கு இது தெரியவே தெரியாது. பதிவு இணையத்தில் சில நிமிட வேலை. பதிந்துவிட்டால் தேர்தல் நேரத்தில் வேட்பாளர்களோ அவர்களுடைய தொண்டர்களோ உங்கள் கதவைத் தட்டுவார்கள். கதவைத் திறங்கள். குப்பை, வாடகை, பேருந்து என்று உங்கள் தெருவின் பிரச்சினை ஒன்றை முன்பே ஆங்கிலத்தில் தயார் செய்து வைத்துக் கேளுங்கள். உங்கள் வாக்கு வேண்டும் என்பதால் பொறுமையாக நின்று பேசுவார்கள். வாக்குச்சாவடி காலை 7 மணி முதல் இரவு 10 மணி வரை. இங்கிலாந்தில் படம் உள்ள அடையாள அட்டை கட்டாயம். பட்டியலில் பெயர் இருந்து, ஐந்தாண்டு இங்கே வாழ்ந்திருந்தால், பன்னிரண்டு பேர் கொண்ட ஜூரியில் ஒருவராக உட்காரச் சொல்லி ஒருநாள் கடிதமும் வரலாம். அதையும் பயப்படாமல் பிரித்துப் படியுங்கள், எத்தனை நாளுக்குள் பதில் அனுப்ப வேண்டும் என்பது அதிலேயே இருக்கும்.